அக்கரையில் ஒரு பள்ளிக்கூடம்

பாகான் டாலாம் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? பட்டர்வொர்த் ரயில் நிலையம், அதன் பக்கத்திலேயே பெர்ரித் துறை, துறைமுகத்துக் கிடங்குகள், ரயில்வேயிலும் துறைமுகத்திலும் உழைத்து வயிறு வளர்த்த நம்மவர் குடும்பங்கள். மலாய் மொழியில் 'பாகான்' என்றால் படகுத்துறை. 'டாலாம்' என்றால் உள்ளே என்று பொருள். பெயரிலேயே கடல் இருக்கிறது.

1985-ல் பினாங்குப் பாலம் திறக்கும் வரை, பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கரைதான் வாசல். கெடாவிலும் புரோவின்ஸ் வெல்லெஸ்லியிலும் கித்தா மரம் சீவிய நம் பாட்டன்மார், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போவதென்றாலும், ஊருக்குப் போக ரஜூலா கப்பல் ஏறுவதென்றாலும், இங்கே வந்துதான் படகு பிடித்தார்கள்.

இந்த முறை நீங்கள் அக்கரைக்குப் போகும்போது, கோயில், கடைவீதி, கடற்கரை எல்லாம் பார்த்த பிறகு, இன்னும் ஓர் இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். அது ஒரு பள்ளிக்கூடம். யுத்த காலத்தில் சில மாதங்கள் அங்கே வேறொரு பள்ளி நடந்தது. பிள்ளைகளுக்காக அல்ல, நாடு விட்டு நாடு வந்திருந்த இளைஞர்களுக்காக. அந்தப் பள்ளியின் கதையையும், அதே காலத்தில் உலகின் மறுகோடியில் நடந்த இன்னொரு பள்ளியின் கதையையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தப் பயணம். வாருங்கள், பெர்ரி ஏறுவோம்.

கொடி இறங்கிய கோட்டை

பழைய பெரிய பெர்ரிகள் 2020-ஆம் ஆண்டு முடிவோடு பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டன. 2023 ஆகஸ்டு முதல் புதிய பெர்ரிகள் ஓடுகின்றன. உட்கார்ந்து பேச்சை ஆரம்பிப்பதற்குள் ஜார்ஜ் டவுன் வந்துவிடும். இறங்கியவுடன் வலப்பக்கமாகக் கடலோரத்தில் நடந்தால் முதலில் சுவெட்டன்ஹாம் துறை, அதையும் தாண்டினால் கார்ன்வாலிஸ் கோட்டை.

கோட்டையின் கொடிமரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மேல் குண்டு போட்டன. வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த ஜனங்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அடுத்த சில நாட்களில் பிரிட்டிஷார் என்ன செய்தார்கள் தெரியுமா? வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடு இரவாகப் படகேற்றிக் கொண்டு தெற்கே போய்விட்டார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரையும் தீவிலேயே விட்டுவிட்டார்கள். போகும்போது கோட்டைக் கொடியை இறக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை.

கொடி பறக்கும் வரையில் குண்டும் விழும். அந்தக் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் ஒரு தமிழர். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்து எம். சரவணமுத்து. பல இனத்தாரையும் சேர்த்து ஒரு குழு அமைத்து, ஜப்பானியர் வந்து சேரும் வரை ஊரைக் காத்தவர் அவர்.

நூறு வருஷத்துக்கு மேலாக எசமானாக இருந்த வெள்ளைக்காரன் ஒரே வாரத்தில் ஓடினான். இதைக் கண்ணால் பார்த்த ஒரு தலைமுறையின் மனத்தில் என்னென்ன மாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்று இருந்த காலம் அது. 1941-ன் ஆரம்பத்தில்தான் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சம்பளம் மட்டுமா கேட்டார்கள்? துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம், கள்ளுக்கடையை மூடுங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும் என்றும் கேட்டார்கள். பதிலுக்குப் பட்டாளம் வந்தது. தொழிலாளர் உயிர்கள் போயின. பள்ளிக்கூடம் வேண்டும் என்ற அந்தக் கோரிக்கையை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத்தான் திரும்பி வரப் போகிறோம்.

கிரீன் லேன் கட்டிடம்

இனி ஒரு பஸ் பிடித்து ஜாலான் மஸ்ஜித் நெகிரி போவோம். பழைய ஆட்களிடம் 'கிரீன் லேன்' என்றால்தான் புரியும். அங்கே பச்சைப் புல்வெளிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று நிற்பது பினாங்கு ஃபிரீ ஸ்கூல். 1816-ல் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய பள்ளி. 'ஃபிரீ' என்றால் சம்பளம் இல்லாத பள்ளி என்று பலர் நினைக்கிறார்கள். எந்தச் சாதி, எந்த மதத்துப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கும் என்பதே அந்தப் பெயரின் கருத்து. ஃபார்குவார் சாலையில் இருந்த பள்ளி 1928-ல் இந்த இடத்துக்கு வந்தது. நடிகரும் பாடகருமான பி. ரம்லீ படித்த பள்ளியும் இதுவே.

ஜப்பான்காரன் காலத்தில், 1942-ல், இந்த வளாகத்தில் இந்திய சுயராஜ்யப் பயிற்சிக் கழகம் நடந்தது. 'சுவராஜ் இன்ஸ்டிடியூட்' என்று சரித்திரப் புத்தகங்களில் பெயர் காணலாம். அதை நிறுவியவர் என். ராகவன். பினாங்கில் வழக்கறிஞராக இருந்தவர். யுத்தத்துக்கு முன்பு மலாயா இந்தியர் மத்திய சங்கத்தின் தலைவராக இருந்து, தோட்டத் தொழிலாளரின் சம்பளத்துக்காகவும் மரியாதைக்காகவும் வாதாடியவர்.

ஏன் இப்படி ஒரு பள்ளி? 1942 ஜூன் மாதம் பாங்காக்கில் இந்திய சுதந்திர லீகின் மாநாடு கூடியது. பிரிட்டிஷ் படையில் இருந்து ஜப்பானியரிடம் கைதியான இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு ஒரு படை உருவாகிக் கொண்டிருந்தது. அதுதான் இந்திய தேசிய ராணுவம், ஐ.என்.ஏ. துப்பாக்கி தூக்க ஆள் இருந்தது. நாட்டுக்குள் போய்ச் செய்தி திரட்டவும், ஜனங்களிடம் பேசவும், நிலைமையை அறிந்து சொல்லவும் படித்த இளைஞர்கள் வேண்டும் என்று லீக் நினைத்தது. அவர்களுக்கு உடற்பயிற்சி, அரசியல் பாடம், ரகசியச் செய்தி அனுப்பும் முறை, உளவு வேலை எல்லாம் கற்றுக் கொடுக்க இந்தப் பள்ளி.

வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள். மலையாளிகள் அதிகம், மற்ற இந்தியரும் இருந்தார்கள். வேலை தேடி மலாயா வந்தவர்கள். அவர்களில் ஒருவர் வக்கம் அப்துல் காதர். திருவிதாங்கூரில் வக்கம் என்ற கிராமத்தில் 1917-ல் பிறந்து, 1938-ல் இங்கே வந்து, பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். நன்றாகப் பாடுவார், பந்து ஆடுவார். வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஒரு சாதாரணப் பையன். நம் வீட்டுப் பையன் போல.

1942 செப்டம்பரில் அவரும் வேறு நால்வரும் பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். நாம் சற்று முன்னால் பார்த்தோமே சுவெட்டன்ஹாம் துறை, அந்த நாட்களில் ஜப்பானிய நீர்மூழ்கிகள் வந்து நின்ற துறை அது. பின்னால் ஜெர்மன் நீர்மூழ்கிகளும் வந்தன. மலபார் கடற்கரையில் தானூருக்கு அருகே அந்த ஐவரும் ரப்பர்ப் படகில் கரையேறினார்கள். கரையேறிய சுருக்கிலேயே பிடிபட்டார்கள். வேறு வழிகளில் போனவர்களும் ஒவ்வொருவராக அகப்பட்டார்கள். சென்னையில் விசாரணை நடந்தது. 1943 செப்டம்பர் 10-ஆம் தேதி அதிகாலை, அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வரையும் சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். ஒரு முஸ்லிம், ஒரு மலையாள இந்து, ஒரு வங்காளி, ஒரு சீக்கியர். காதருக்கு வயது 26. சுதந்திர இந்தியா 1998-ல் தபால்தலை வெளியிட்டு அவருடைய நினைவைப் போற்றியது.

பள்ளியை மூடிய ஆசிரியர்

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நாம் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் இருக்கிறது.

ஜப்பானிய அதிகாரிகளுக்குப் பொறுமை இல்லை. பள்ளியில் இருந்த மாணவர்கள் சிலரை, ராகவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தாங்களாகவே பொறுக்கி எடுத்துக் கடலில் அனுப்பினார்கள். ராகவனுக்கு இது பொறுக்கவில்லை. இந்தப் பையன்கள் இந்தியாவின் விடுதலைக்காக வந்தவர்கள், ஜப்பானியரின் காரியத்துக்கு ஏவல் ஆட்கள் அல்லர் என்பது அவருடைய நிலை. அவர் என்ன செய்தார்? பள்ளியை மூடிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். ஊரெங்கும் ஜப்பானியர் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். 'கெம்பெத்தாய்' என்றால் தாய்மார்கள் பிள்ளையை இழுத்து உள்ளே போகிற காலம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு வழக்கறிஞர், என் மாணவரை என்னைக் கேட்காமல் தொட்டீர்கள், இனிப் பள்ளி இல்லை என்று கதவைச் சாத்துகிறார். ராகவனின் வாழ்க்கையில் பெரிய பதவிகள் பின்னால் வந்தன. நேதாஜி சுபாஸ் சந்திர போஸின் அரசில் நிதி அமைச்சராக இருந்தார். இந்தியா சுதந்திரம் பெற்ற பிறகு சீனா உட்படப் பல நாடுகளில் இந்தியத் தூதராக இருந்தார். ஆனாலும் கிரீன் லேனில் அவர் செய்ததே பெரிய காரியம் என்று தோன்றுகிறது. மாணவனுக்கு ஆசிரியர் செய்ய வேண்டிய கடமை பாடம் சொல்வதோடு முடிவதில்லை. அந்தப் பாடத்தை வைத்து அவனை யார் எங்கே அனுப்புகிறார்கள் என்று பார்ப்பதும் கடமைதான்.

எடின்பரோவில் இன்னொரு பள்ளி

இதே நாட்களில் ஐரோப்பாவில் போலந்து என்ற நாட்டுக்கு வந்த கதியைப் பாருங்கள். 1939 செப்டம்பரில் ஒரு பக்கம் ஜெர்மனி, மறுபக்கம் ரஷ்யா, இரண்டும் சேர்ந்து போலந்தைப் பங்கு போட்டுக் கொண்டன. ஜெர்மானியர் வந்ததும் முதலில் கை வைத்தது கல்வியின்மேல். கிராக்கோ நகரத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைக் கூட்டத்துக்கு என்று வரவழைத்து, 1939 நவம்பர் 6-ஆம் தேதி ஒட்டுமொத்தமாகக் கைது செய்து முகாமுக்கு அனுப்பினார்கள். உயர்நிலைப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. அடிமைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், அதற்குமேல் வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். தோட்டத்துப் பிள்ளைக்கு அதிகப் படிப்பு எதற்கு, யார் மரம் சீவுவது என்று கேட்ட குரலை நம் பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள் அல்லவா?

தப்பிய போலந்துச் சிப்பாய்கள் பிரான்சுக்குப் போனார்கள். அதுவும் விழுந்த பிறகு பிரிட்டனுக்கு வந்தார்கள். அவர்களில் பலர் ஸ்காட்லாந்தில் தங்கினார்கள். படிப்பைப் பாதியில் விட்ட மருத்துவ மாணவர்களும், மருத்துவப் பேராசிரியர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். எடின்பரோ பல்கலைக்கழகம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. 1941 மார்ச் 22-ஆம் தேதி அங்கே போலந்து மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இன்னொரு நாட்டின் பள்ளி! பாடம் நடத்தியவர்களில் பலர் போலந்துப் பேராசிரியர்கள். கொடுத்த பட்டம் போலந்துப் பட்டம். சீருடையோடு வகுப்புக்கு வந்தார்கள் மாணவர்கள். 1949-ல் பள்ளி மூடப்படும் வரை 336 பேர் சேர்ந்தார்கள். 227 பேர் டாக்டராக வெளியே வந்தார்கள்.

எதற்காக இந்த ஏற்பாடு? யுத்தம் முடிந்து நாடு திரும்பும்போது அங்கே டாக்டர் இருக்கமாட்டார்கள், நாம் போய்த்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்கள். யுத்தம் முடிந்தது. ஆனால் போலந்து ரஷ்யாவின் பிடிக்குள் போய்விட்டது. பலருக்கு ஊர் திரும்ப வழியில்லை, மனமும் இல்லை. நாடு போனது, படை கலைந்தது. ஆனாலும் படிப்பு கையில் இருந்தது. அந்த டாக்டர்கள் பிரிட்டனிலும் மற்ற நாடுகளிலும் பிழைத்துக் கொண்டார்கள். மற்றச் சிப்பாய்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் மொழியும் தொழிலும் கற்றுக் கொடுக்கப் பிரிட்டிஷ் அரசாங்கம் 1947-ல் சட்டமே இயற்றி, ஒரு கல்விக் குழுவையும் அமைத்தது. 1954 வரை அந்தக் குழு வேலை செய்தது.

ரஷ்யாவில் சிக்கியிருந்த போலந்துக்காரர்களின் கதை இன்னும் உருக்கமானது. 1942-ல் ஜெனரல் ஆண்டர்ஸ் தலைமையில் அவர்கள் ஈரானுக்கு வந்தார்கள். சிப்பாய்களோடு பட்டினியால் வாடிய பிள்ளைகளும் வந்தார்கள். ஓரளவு வளர்ந்த பையன்களுக்குப் பாலஸ்தீனத்தில் ராணுவப் பள்ளிகள் வைத்துப் படிக்க வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானோர் எங்கே வந்தார்கள் தெரியுமா? இந்தியாவுக்கு! குஜராத்தில் ஜாம்நகர் மகாராஜா தமது பாலாச்சடியில் அவர்களுக்கு இல்லம் கட்டிக் கொடுத்தார். கோலாப்பூருக்கு அருகே வலிவடே என்ற இடத்தில் 1943 முதல் 1948 வரை சுமார் 5,000 போலந்துப் பெண்களும் பிள்ளைகளும் வாழ்ந்தார்கள். மாமரமும் கரும்புத் தோட்டமும் சூழ்ந்த அந்த ஊரில் போலந்து மொழியில் பள்ளிக்கூடம் நடந்தது. தகப்பன் எங்கோ இத்தாலியில் சண்டை போட, பிள்ளை கோலாப்பூரில் உட்கார்ந்து தாய்மொழியில் எழுத்துக் கூட்டியது.

தாய்மொழி விட்டால் நாடு விட்டது போல என்று அவர்கள் நினைத்தார்கள். மூட்டையை அவிழ்த்ததும் முதல் வேலையாகப் பள்ளிக்கூடம் வைத்தார்கள்.

தோட்டத்துக்குத் திரும்பிய பாடம்

நம் கதைக்கு வருவோம். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். அவர் ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கியில் வந்தபோது, நடுக்கடலில் அவரை ஏற்றிக் கொண்ட ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 பினாங்கிலிருந்து போனதுதான். அவர் கூப்பிட்டதும் மலாயாவில் என்ன நடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் ஐ.என்.ஏ.யில் சேர்ந்தார்கள். தேசப்பற்று ஒரு காரணம். அதோடு, கித்தாவை வாங்க ஆள் இல்லை, வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. மறுபக்கம் சயாம் மரண ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள்; போனவர்களில் பாதிப் பேருக்குமேல் திரும்புவதில்லை என்ற பேச்சு. சயாமுக்கு இழுபடுவதைவிடப் படையில் சேர்வது மேல் என்று நினைத்தவர்களும் உண்டு. இதைச் சொல்வதால் அவர்கள் தியாகம் குறைந்துவிடாது.

படையில் சேர்ந்த தோட்டத்து ஆளுக்கு என்ன கிடைத்தது? முதலில், எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லயத்தில் தனிக் குழாயில் தண்ணீர் பிடித்தவனும் இங்கே ஒன்றாக உட்கார்ந்தான். அடுத்தது படிப்பு. கட்டளைகள் ஹிந்துஸ்தானியில், ரோமன் எழுத்தில். அதைப் படித்தாக வேண்டும். நேதாஜி ஹிந்துஸ்தானியில் பேசியதைத் தமிழில் பெயர்த்துச் சொல்வார்கள். இந்தியா எங்கே இருக்கிறது, யார் ஆள்கிறார்கள், நாம் ஏன் இங்கே வந்தோம் என்று பாடம் நடந்தது. இந்திய சுதந்திர லீகின் கிளைகள் ஊர் ஊராகத் தேசியப் பள்ளிகளும் நடத்தின. தேர்ந்தெடுத்த 45 இளைஞர்களை 1944-ல் ஜப்பானுக்கே அனுப்பி ராணுவக் கல்லூரியிலும் விமானப்படைக் கல்லூரியிலும் படிக்க வைத்தார்கள். அவர்களில் பர்மாவிலிருந்து போன ரமேஷ் பெனகல், பின்னாளில் இந்திய விமானப்படையில் சேர்ந்து மகாவீர் சக்ர விருது பெற்றார்.

பெண்களும் படித்தார்கள். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் தொடங்கியது. தலைவி கேப்டன் லட்சுமி. வரைபடம் பார்ப்பது, துப்பாக்கி பிடிப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் பாடம். அங்கே பதினாறு வயதில் சேர்ந்த ஈப்போவைச் சேர்ந்த ராசம்மா, பின்னாளில் ராசம்மா பூபாலன், யுத்தத்துக்குப் பிறகு மறுபடியும் புத்தகம் எடுத்தார். பட்டம் பெற்றார், ஆசிரியையானார், தலைமை ஆசிரியையானார். ஆசிரியைகளுக்கும் ஆண்களைப் போலவே சம்பளம் வேண்டும் என்று 1960-களில் சங்கம் வைத்துப் போராடினார். முகாமில் கற்ற துணிவு பள்ளிக்கூடத்துக்கு உதவியது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ஐ.என்.ஏ. கலைந்தது. தோட்டத்துச் சிப்பாய் சீருடையைக் கழற்றிவிட்டு, அதே லயத்துக்கு, அதே கித்தா மரத்தடிக்குத் திரும்பினான். போலந்து டாக்டருக்குக் கையில் பட்டம் இருந்தது. இவனுக்குக் காகிதம் எதுவும் இல்லை. ஆனால் திரும்பி வந்தவன் பழைய ஆள் இல்லை.

பாகான் டாலாமிலிருந்து வடக்கே, ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது பீடோங். அதற்குப் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டம். 1946-ல் அங்கே 'தொண்டர் படை' எழுந்தது. படையில் போல அணிவகுத்தார்கள். கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல் செய்தார்கள். குடியை நிறுத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு, தலை நிமிர்ந்து நட என்றார்கள். கெடாவில் தோட்டம் தோட்டமாக அது பரவியது. 1947-ல் போலீஸ் வந்தது. கைதுகள் நடந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. தொண்டர் படை அடங்கிப் போயிற்று. ஆனால் அந்த வருஷங்களிலேதான் தோட்டத்துத் தொழிற்சங்கங்கள் வேரூன்றின. 1946-ல் ம.இ.கா. உருவானபோது அதன் முதல் தலைவர் ஜான் திவி, நேதாஜியோடு பணியாற்றியவர். அதைத் தொடங்கியவர்களில் ஜான்சி ராணிப் படையின் ஜானகியும் ஒருவர்.

இரண்டு பள்ளிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கிரீன் லேனில் நடந்த பள்ளி யுத்தத்தின் தேவைக்காகப் பிறந்தது. அதனால் அதன் மாணவர்களை யுத்தம் எடுத்துக் கொண்டது. எடின்பரோவில் நடந்த பள்ளி யுத்தத்துக்குப் பிறகு வரும் நாளை நினைத்துப் பிறந்தது. அதன் மாணவர்கள் பிழைத்தார்கள், பிறரையும் பிழைக்க வைத்தார்கள். காதரின் தியாகத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த 26 வயதுப் பையனுக்கு எடின்பரோவில் கிடைத்ததுபோல ஒரு வகுப்பறை கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. பள்ளியை மூடிய ராகவனும் அதை நினைத்திருப்பார்.

நம் பிள்ளைகளுக்கு இன்று படிப்புத் தருகிறோம் என்று பலர் வருவார்கள். தங்குமிடம் உண்டு, கைச்செலவுக்குப் பணம் உண்டு, முடித்ததும் வேலை உண்டு என்பார்கள். நல்லது. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பெற்றோர் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்பு யாருடைய காரியத்துக்கு? இவர்கள் கடை மூடிவிட்டாலும் என் பிள்ளை கையில் என்ன மிஞ்சும்? நாடே கைவிட்டுப் போன பிறகும் போலந்துச் சிப்பாய்க்கு மிஞ்சியது எதுவோ, அதுதான் உண்மையான படிப்பு.

தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் கிரீன் லேன் பக்கம் போனால், ஃபிரீ ஸ்கூல் வாசலில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். இன்றும் அங்கே எல்லா இனத்துப் பையன்களும் படிக்கிறார்கள். மணி அடித்தால் ஓடி வருவார்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தக் கட்டிடத்தைக் காட்டி, காதரின் பெயரையும் ராகவனின் பெயரையும் சொல்லுங்கள். வீட்டில் ஐ.என்.ஏ.யில் இருந்த பாட்டனின் பழைய போட்டோ இருந்தால், பின்பக்கத்தில் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பேனாவால் எழுதி வையுங்கள். 1941-ல் கிள்ளான் தொழிலாளர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இன்று போகிற பிள்ளை, தனக்காக அதைக் கேட்டவர்கள் யார் என்று தெரிந்து கொள்ளட்டும்.